வேர்முடிச்சுக்குள் எத்தனை ஜாதி?



உளுந்து விதைத்து எடுத்த நிலத்தில் அடுத்த வெள்ளாமை நன்றாய் வருமென்பது குடியானவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. ஏன் என்று கேட்டால், "அது பயறுகளின் குணம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குணம் என்று பெயர் வைத்துவிட்டால் காரணம் சொன்னதாகி விடுமா?

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய முக்கியமான சத்தும் அதுதான். ஆனால் காற்றிலுள்ளபடியே அதை எடுத்துக்கொள்ள எந்தச் செடியாலும் ஆகாது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்கிருமிகளே அதை உணவாக்கித் தருகின்றன என்பதை, 1886-ம் வருஷத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் வெளியிட்டார்கள். 1888-ல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரின்க் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். செடி கிருமிக்குச் சர்க்கரை கொடுக்கிறது. கிருமி செடிக்கு நைட்ரஜன் கொடுக்கிறது. இருவருக்கும் லாபமான கூட்டு வியாபாரம். அவ்வளவுதான்.

இக்கிருமிகள் எல்லாம் ஒரே ஜாதியா என்றால், இல்லை. நிலக்கடலை வேரில் இருப்பது பிராடிரைசோபியம். கொண்டைக்கடலை வேரில் இருப்பது மீசோரைசோபியம். ஒன்றுக்குரியது மற்றொன்றுக்கு உதவாது. ஒரே பெயருள்ள கிருமிகளுக்குள்ளும் நன்றாய் உழைப்பவை உண்டு. தின்றுவிட்டுச் சும்மா கிடப்பவையும் உண்டு.

இந்த வேற்றுமை எப்படி உண்டாயிற்று? நியூஜிலாந்தில் ஒட்டாகோ பகுதியில் லோட்டஸ் என்ற தீவனச் செடியை விதைத்தார்கள். அதன் வேரில் முடிச்சுண்டாக்கும் கிருமி அந்த மண்ணில் கிடையாது. ஆகவே ஒரே ஒரு வகைக் கிருமியை விதையோடு சேர்த்தார்கள். ஏழு வருஷம் கழித்து முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பலவகைக் கிருமிகள்! 1995-ல் இது வெளியாயிற்று. வந்த கிருமி, முடிச்சுண்டாக்கும் வித்தை அடங்கிய மரபணுக் கட்டு ஒன்றை, அங்கேயே இருந்துவந்த மண்கிருமிகளுக்குக் கொடுத்துவிட்டது. சுமார் 5 லட்சம் எழுத்துகள் கொண்ட கட்டு அது. பெற்றோர் வழியாக மட்டுமல்லாமல், பக்கத்தில் இருந்தவனிடமிருந்தும் கிருமி மரபணுவைப் பெறுகிறது என்பது இதனால் விளங்கும்.

இதில் நஷ்டமும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1994-ல் பிசெருலா என்ற தீவனச் செடியை நல்ல கிருமியோடு கொண்டுவந்தார்கள். ஆறு வருஷத்துக்குள், அதே வித்தையைப் பெற்ற உள்ளூர்க் கிருமிகள் சில தோன்றின. முடிச்சு உண்டாக்கின, நைட்ரஜன் மட்டும் சரியாய்த் தரவில்லை. முடிச்சு இருந்தால் சத்து இருக்குமென்று நம்பிய குடியானவனுக்குக் கைநஷ்டந்தானே?

ஆகையால் தோழர்களே, ரைசோபியம் என்று பெயர் போட்டிருப்பதாலேயே ஒரு பொட்டலத்தை வாங்கி வந்துவிடாதீர்கள். எந்தப் பயிருக்கு என்று கேளுங்கள். எந்தத் தேதிவரை என்று பாருங்கள். விதையில் கலந்து விதைக்கும்போது, கலக்காத விதையையும் ஒரு பாத்தியில் போடுங்கள். பூக்கும் சமயத்தில் இரண்டிலும் நாலு செடியை மெதுவாய்த் தோண்டி எடுத்து முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே சிவந்திருந்தால் கிருமி வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

நாம் சொல்லுவதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். நிலம் உங்களுடையது, வேரும் உங்கள் கையில் இருக்கிறது. பிடுங்கிப் பார்த்து, கண்டதை நம்புங்கள் என்பதே நமது வேண்டுகோள்.