வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதம்

(ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்கான கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வேலைநாள், கொழுந்து நிறுவை என்றுதான் இந்த மேடையில் நாம் வழமையாகப் பேசுவோம். வேலையில் இருந்து நின்ற பிறகு கைக்கு வரும் காசு எந்த வழியாக வெளியே போகிறது என்பதை இன்று பேசுவோம்.

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாட்சம்பளம். முப்பது வருடம் கூடை சுமந்த ஒருவர் வாழ்நாளில் ஒரே தடவை மொத்தமாகப் பார்க்கும் காசு இது. அந்தக் காசு வந்த செய்தி அடுத்த லயத்துக்குத் தெரியும் முன்பே வியாபாரிக்குத் தெரிந்துவிடுகிறது! தவணைக்கு டீவி வருகிறது. மூட்டுவலிக்கு மெத்தை வருகிறது. வாசலிலேயே கண்ணைப் பார்த்து மூக்குக்கண்ணாடி தருகிறார்கள். பிறகு கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது. விற்றவரையும் காணோம், பில்லும் இல்லை. எங்கள் கிளைக் காரியாலயங்களுக்குப் பெரியவர்கள் கொண்டுவரும் கதை பெரும்பாலும் இதுதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பொய் சொல்லிச் சாமான் விற்பது இதன்படி குற்றம். கடையில் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் அதிகார சபை விசாரித்து, நட்டஈடு கொடு, சாமானை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று வியாபாரிக்கு உத்தரவிடலாம். நல்ல சட்டம்தான். நமது பெரியவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அல்ல, அவ்வளவுதான்.

பற்றுச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். கேட்டால்! டவுன் கடையில் கடன் கொப்பியில் பெயர் உள்ள ஓர் அம்மா எப்படிக் கேட்பார்? கேட்டால் அடுத்த வாரம் அரிசியும் மாவும் கடனுக்குக் கிடைக்குமா என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. வீட்டு வாசலுக்கு வந்து விற்பவரிடமோ பில் புத்தகமே இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் காலக்கெடு. சாமான் வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். குறை தெரியவந்த நாளில் இருந்து அல்ல, வாங்கிய நாளில் இருந்து. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் எப்போது வீட்டுக்கு வருகிறான்? தீபாவளிக்கு, பொங்கலுக்கு. வந்துதான், "அப்பா, இந்த மெஷினுக்கா இவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறான். அதற்குள் மூன்று மாதம் போய்விடுகிறது.

முதியோருக்கென்று வேறொரு சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டில் வந்தது, அதற்கும் இலக்கம் 9தான். 60 வயதானவரை அது முதியவர் என்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க வழி செய்கிறது. இரண்டு சட்டத்துக்கும் ஒரே இலக்கம் இருந்து என்ன பயன்? ஒன்றை ஒன்று அவை கண்டுகொள்வதில்லை. 60 வயதைத் தாண்டியவருக்கு மூன்று மாதம் என்பது குறை தெரிந்த நாளில் இருந்து கணக்கிடப்பட வேண்டும். வாசலில் விற்பவர் கேட்காமலே பில் கொடுக்க வேண்டும். இவை எங்கள் கோரிக்கைகள்.

கூடுதல் வட்டி தருகிறோம் என்று வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய வங்கியின் அனுமதி இல்லாத இடத்தில் சேமலாபக் காசைப் போடாதீர்கள். அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ போட்டால், அது விழுந்தாலும் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. ஆள் சேர்த்தால் கொமிஷன் என்னும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டமே தடை செய்திருக்கிறது. அழைத்து வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும் போகாதீர்கள்.

சட்டம் மாறும்வரை உள்ளதை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். சாமான் வாங்கும்போது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, வந்த வேனின் இலக்கத்தையும் சாமானையும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பில் கேளுங்கள், தர மறுத்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அதிகார சபையின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. எழுதத் தெரியாவிட்டால் கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள், தோழர்கள் எழுதித் தருவார்கள்.

இன்று சாமானோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்மேசைக்கு வாருங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகாதவர்கள் முதலில் வரட்டும். அவர்களுடையதை இன்றைக்கே எழுதி முடிப்போம்.