கரண்ட் பில் கூடிவிட்டால், யாரிடம் கேட்பது?



இன்றைய பேச்சு கரண்ட் பில்லைப் பற்றியது. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். ஆனால் முக்கியமாக வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் அங்கே டெக்னோபார்க் தொடங்கியது. அதன் பிறகு ஊர் பெருத்தது. ஒரு வீடு இருந்த இடத்தில் நாலு வீடு வந்தது. கட்டிட வேலைக்கும், துப்புரவு வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும் பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் வாடகை வீடுதான்.

அப்படி ஒரு குடும்பம், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டில் குடியிருக்கிறார்கள். இரண்டு ஃபேன், நாலு பல்பு, ஒரு டி.வி., ஒரு ஃபிரிட்ஜ். கேரள மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடுகிறது. எப்போதும் 190 யூனிட் வரும். இந்த முறை 520 யூனிட் வந்துவிட்டது. பில்லைப் பார்த்ததும் வீட்டுக்காரர் சம்சாரத்தைக் கத்துகிறார். சம்சாரம் பிள்ளைகளைக் கத்துகிறாள். மறுநாள் மீட்டர் பார்க்க வந்த பையனைத் தேடிக்கொண்டு போகிறார்கள்.

இதில் ஒன்றும் நடக்காது. முதலில் பில்லைப் படிக்க வேண்டும்.

பில்லில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று முந்தைய ரீடிங். இன்னொன்று இப்போதைய ரீடிங். இந்தக் குடும்பத்தின் பில்லில் முந்தையது 4310. இப்போதையது 4830. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 520 வருகிறது. கணக்கு சரிதான். இனி மீட்டரிடம் போங்கள். அதில் ஓடும் எண் 4830-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார். பழைய பாக்கி என்று ஏதாவது சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு குடியிருந்தவர் கட்டாமல் போன பணமாகக்கூட அது இருக்கலாம். பில் மலையாளத்தில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், எண்கள் ஒன்றுதான்.

ரீடிங் எடுக்காமலே பில் வருவதும் உண்டு. வீடு பூட்டிக் கிடந்தால், முந்தைய மாதங்களின் சராசரியை வைத்துப் பில் போடுவார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, மீட்டர் பார்க்கிறவர்கள் பல வீடுகளுக்குப் போக முடியவில்லை. ஜூன் மாதம் பில் வந்ததும் கேரளம் முழுவதும் கூச்சல். திரைப்பட நடிகரும் இயக்குநருமான மதுபாலின் வீடு சில மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதற்கு 5,714 ரூபாய் பில் வந்தது. அவர் புகார் செய்தார். திருத்திய பில் 300 ரூபாய்தான். அந்த ஜூனில் அரசும் இறங்கி வந்தது. கூடுதலான தொகையில் சலுகை கொடுத்தது. மீதியைத் தவணையாகக் கட்டவும் அனுமதித்தது.

சரி, நம் கீழ் வீட்டில் ரீடிங் சரியாக இருக்கிறது. பின்னே கரண்ட் எங்கே போனது?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை. மீட்டரைத் தொடவும் வேண்டாம், சீலைத் தொடவே கூடாது. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அதன் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால், அது 3200 தடவை மினுங்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகும் விளக்கு மினுங்கினால், உங்கள் வீட்டு வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம். அடுத்து, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்குங்கள். அப்போதும் மினுங்குகிறதா? அப்படியானால் உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாருக்கோ கரண்ட் போய்க்கொண்டிருக்கலாம்.

கீழ் வீட்டில் அதுதான் நடந்தது. மெயினை இறக்கிய பிறகும் விளக்கு வேகமாக மினுங்கியது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள். மினுங்குவது நின்றது. போடச் சொன்னார்கள். மறுபடி மினுங்கியது. மாடியிலும் பின்பக்கத்திலும் இருக்கும் மூன்று வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், இவர்கள் மீட்டரில் ஓடியிருக்கிறது! முன்பு தினம் அரை மணி நேரம்தான் ஓடும். இப்போது மாடிக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். மேல் தொட்டியின் குழாயும் ஒழுகுகிறது. ஐந்து மணி நேரம் ஓடுகிறது. ஒரு குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் போயே போச்சு.

இதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. கேரளத்தில் வீட்டு மின்சாரத்துக்கு விலை படிப்படியாக ஏறும். முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, அடுத்தவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் மாதம் 250 யூனிட்டை, அதாவது இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் படி கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலைதான். இரண்டு குடும்பத்தின் செலவு ஒரே மீட்டரில் விழுந்தால், யாரும் வீணாக்காமலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். வாடகை வீடுகளில் பலருக்கு இந்த அடிதான் விழுகிறது.

இப்போது யாரிடம் கேட்பது என்பது தெளிவாகிறது. மின்வாரியத்திடம் கேட்டுப் பயனில்லை. மீட்டர் சரியாகத்தான் ஓடியது. வீட்டு உடமைக்காரரிடம்தான் பேச வேண்டும். அந்த அம்மாள் பில்லோடு போனாள்.

"சேச்சி, மோட்டார் எங்க மீட்டர்ல ஓடுது. இந்தக் கணக்கைப் பாருங்க."

"அது எப்பவும் அப்படித்தானே மோளே?"

"எப்பவும் அரை மணி நேரம். இப்ப அஞ்சு மணி நேரம். மூணு வீட்டுத் தண்ணிக்கு நாங்க ஏன் காசு கட்டணும்?"

சண்டை போட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது நியாயமான பயம்தான். அதனால்தான் கோபத்தோடு போகாமல் காகிதத்தோடு போக வேண்டும். மோட்டாரை உடமைக்காரர் மீட்டருக்கு மாற்றச் சொல்லலாம். அதுவரை மோட்டார் செலவை மூன்று வீட்டுக்கும் பங்கிடச் சொல்லலாம்.

மெயினை இறக்கியதும் விளக்கு நின்றுவிட்டது, வீட்டில் கசிவும் இல்லை, ஆனாலும் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால்? அப்போது மின்வாரியத்திடம் போக வேண்டும். கழக்கூட்டம் செக்‌ஷன் ஆபீசில் உதவிப் பொறியாளருக்கு மனு எழுதலாம். கன்ஸ்யூமர் எண், தேதி, இரண்டு ரீடிங், எப்போதும் வரும் யூனிட், இப்போது வந்த யூனிட். இவை போதும். ஒரு நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம், ஆனால் முத்திரை வைத்த காகிதம்தான் கைக்கு உதவும்.

"பில் உடமைக்காரர் பெயரில் இருக்கிறது, நீ யார்?" என்று கேட்டால் தயங்க வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், இணைப்பு உள்ள இடத்தில் இருப்பவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். உடமைக்காரரின் கையெழுத்தும் மனுவில் இருந்தால் வேலை சுளுவாகும்.

மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ரீடிங் செலவுக்குப் பொருந்தவில்லை என்று புகார் வந்தால், ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பக்கத்தில் வைக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

புகார் நடக்கும்போது பில்லைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டாவிட்டால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஃபியூசைப் பிடுங்க அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பில் தொகை, அல்லது கடந்த ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டலாம். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தே கட்ட வேண்டும்.

செக்‌ஷன் ஆபீசில் தீராவிட்டால், நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. தெற்கு மாவட்டங்களுக்கு அது கொட்டாரக்கரையில். அங்கேயும் திருப்தி இல்லையென்றால் எர்ணாகுளத்தில் மின்சார ஆம்புட்ஸ்மேன்.

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண்ணை எழுதுங்கள். தேதி போடுங்கள். உடமைக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மோட்டாரும் மாடிப்படி விளக்கும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.