நிதி யாருடையது? நிபந்தனை யாருக்காக?

(சித்தூர் மாவட்டம் ராமகுப்பத்தில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்சி எனக்கு அளித்துள்ள பணி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளையும் தீர்மானங்களையும் தமிழில் தருவது. கல்வி நிதி பற்றிய ஆவணங்களைத் தமிழாக்கும்போது ஒரு சொல் என்னைத் தொடர்ந்து இடறச் செய்கிறது. ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பும் தொகையை ‘மானியம்’ என்று எழுதிவிடுவது வழக்கம். மானியம் என்பது அரசன் மனமுவந்து அளித்த நிலக்கொடையைக் குறித்த சொல். கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்பவனின் விருப்பம். பெற்றவன் கைகட்டி நிற்கவேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு வரும் பணம் அத்தகைய கொடையா? அல்லது ராமகுப்பம் சந்தையில் ஒரு சோப்புக்கட்டி வாங்குகிறவரும் செலுத்திய வரியிலிருந்து திரும்பிவரும் பங்கா? இந்தக் கேள்விக்கு விடை தெளிந்தால் இன்று பேசவேண்டியவற்றில் பாதி தெளிந்துவிடும்.

நடந்தது என்ன?

அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் இணைத்து 2018இல் ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியத்தின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. ஆசிரியர் ஊதியத்தின் ஒரு பகுதி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், பெண்குழந்தைகளுக்கான கஸ்தூர்பா உறைவிடப் பள்ளிகள், சீருடை, பாடநூல், தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து ஆகிய அன்றாடச் செலவுகள் இந்தத் தலைப்பில்தான் நடக்கின்றன.

2022 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘பி.எம். ஸ்ரீ’ என்னும் மற்றொரு திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்குவது. ஐந்தாண்டுகளுக்கு 27,360 கோடி ரூபாய். அதில் ஒன்றியத்தின் பங்கு 18,128 கோடி. இதில் சேரும் மாநிலம் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை மாநிலம் முழுவதும், முழுமையாக நிறைவேற்றுவதாக அதில் உறுதி தரவேண்டும்.

இங்கே நின்று கவனியுங்கள். நாட்டில் அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ 10 லட்சம். நூற்றுக்கு ஒன்றரைப் பள்ளிகூடத் தேறாத ஒரு திட்டத்திற்காக, மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளையும் கட்டும் வாக்குறுதி கேட்கப்படுகிறது. தூண்டிலில் வைக்கப்படும் புழு சிறியது. பிடிபடும் மீன் பெரியது.

தமிழ்நாடும் கேரளமும் மேற்கு வங்கமும் கையெழுத்திடவில்லை. பஞ்சாப் முதலில் விலகியது. பணம் நிறுத்தப்பட்டதும் 2024 ஜூலையில் இணங்கியது. இவ்வாறு நிறுத்தப்பட்டது பி.எம். ஸ்ரீ பணம் மட்டுமன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நடைமுறையிலிருந்த சமக்ர சிக்ஷா நிதியே நிறுத்தப்பட்டது. 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட ஒன்றியப் பங்கு சுமார் 2,152 கோடி. அதில் ஒரு தவணையும் அவ்வாண்டில் வரவில்லை. கொள்கையை ஏற்கும்வரை நிதி இல்லை என்று ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் 2025 பிப்ரவரியில் வெளிப்படையாகவே கூறினார்.

2024 மார்ச்சில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், ஒப்பந்தத்தில் சேர விருப்பம் தெரிவித்து ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் தேசியக் கல்விக் கொள்கை பற்றிய விதியை ஏற்க மாநில அரசு மறுத்தது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். தவணையை எதிர்பார்த்து நிற்கும் அரசுகள் எவ்வளவு எளிதில் தடுமாறுகின்றன என்பதற்கு இது சான்று.

2025 மே மாதம் தமிழ்நாடு, அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்கீழ் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நிலுவையும் வட்டியும் சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 44 லட்சம் மாணவர்களும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் பாதிக்கப்பட்டிருப்பதாக அம்மனு கூறியது. தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 விழுக்காட்டு இடங்களின் சேர்க்கையும் அவ்வாண்டில் தாமதமாயிற்று. கொள்கைச் சண்டை அரசுகளுக்கிடையே, பட்டினி வகுப்பறைக்கு.

பணம் எங்கிருந்து வருகிறது?

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதிகாரம் மேலே சென்றது. ஆசிரியருக்கு மாதந்தோறும் ஊதியம் தரும் பொறுப்பின் பெரும்பகுதி கீழேயே தங்கிவிட்டது. வரி திரட்டும் வாய்ப்பு ஒன்றியத்திடம் அதிகம்; செலவுச் சுமை மாநிலத்திடம் அதிகம். இந்த இடைவெளியில்தான் நிபந்தனை என்னும் செடி வேர்விடுகிறது.

வருமான வரியின்மேல் நான்கு விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரி வசூலிக்கப்படுகிறது. பெயர் கல்வி. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் பிரிவின்படி மேல்வரிகள் மாநிலங்களுடன் பகிரப்படும் தொகுப்பில் சேர்வதில்லை. முழுவதும் ஒன்றியத்தின் கையில் நிற்கிறது. பின்னர் திட்டமாகப் பெயர்சூடி, நிபந்தனையோடு இறங்கி வருகிறது. பொருளை ஈட்டிக் காப்பதோடு நில்லாமல் முறையாக வகுத்தலையும் அரசின் கடமையாக வைத்தார் வள்ளுவர். வகுக்கவேண்டியதைக் கொடையாகக் காட்டுவதே இன்றைய ஒன்றிய ஆட்சியின் கணக்கு. ஆகவேதான் ‘மானியம்’ என்று எழுத என் கை கூசுகிறது. ‘நிதிப்பங்கு’ என்றே நாம் பேசவேண்டும், எழுதவேண்டும்.

நிபந்தனையே கூடாதா?

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: மையம் பணம் தந்தால் கணக்குக் கேட்கக் கூடாதா? நிபந்தனை எல்லாமே தீமையா? நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்க அனுபவம் நல்ல பாடம்.

அங்கே பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. தென் மாநிலங்கள் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைத்திருந்தன. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், நிறவேற்றுமை காட்டும் நிறுவனத்துக்குக் கூட்டரசின் பணம் இல்லை என்றது. மறு ஆண்டே ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கும் சட்டம் வந்தது. பணமும் நிபந்தனையும் சேர்ந்தபோதுதான் தென்மாநிலப் பள்ளிகளின் கதவுகள் விரைந்து திறந்தன. அந்த நிபந்தனை மக்கள் மன்றம் இயற்றிய சட்டம். ஒடுக்கப்பட்ட குழந்தைக்கு உரிமை தந்த நிபந்தனை. அதை நாம் வரவேற்போம்.

2009இல் வந்தது வேறு வகை. பொருளாதார நெருக்கடியில் மாநிலங்கள் தவித்த வேளையில், ஒபாமா அரசு 435 கோடி டாலரை வைத்து மாநிலங்களிடையே ஒரு போட்டி நடத்தியது. மாணவரின் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுதல், பொதுப் பாடத்தரங்களை ஏற்றல், பொதுப்பணத்தில் தனியார் நிர்வாகம் நடத்தும் பள்ளிகளுக்கு இடந்தருதல் ஆகியவற்றுக்குப் புள்ளிகள். பணத்துக்காக மாநிலங்கள் தங்கள் சட்டங்களையே மாற்றின. 2012 செப்டம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த மதிப்பீட்டு முறை முக்கியப் பிரச்சினைகளில் ஒன்று. எதிர்ப்பு பரவியது. 2015இல் இயற்றப்பட்ட சட்டம், குறிப்பிட்ட பாடத்தரங்களை மாநிலங்கள்மேல் திணிக்க ஒன்றியக் கல்வித் துறைக்குத் தடைவிதித்தது.

அதே 2012இல் மருத்துவ உதவித் திட்டம் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. புதிய விரிவாக்கத்தை ஏற்க மறுக்கும் மாநிலத்தின் பழைய திட்ட நிதி முழுவதையும் பறிப்போம் என்பது ஊக்குவித்தல் அன்று, வற்புறுத்தல் என்பதே அதன் சாரம். பி.எம். ஸ்ரீயை ஏற்காததற்காகச் சமக்ர சிக்ஷாவை நிறுத்துவதும் இதே வகையே. அந்நிய நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனால் சோசலிசத்தின் வாடையே அறியாத ஒரு நீதிமன்றமும் கண்ட அநீதி இது.

ஆகவே நிபந்தனையை நாம் மூன்று கேள்விகளால் சோதிக்கவேண்டும். அதை விதித்தது மக்கள் மன்றமா, அதிகாரிகளின் அறையா? அது குழந்தையின் உரிமையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? மறுப்பவரிடமிருந்து பறிக்கப்படுவது புதிய சலுகையா, பழைய உரிமையா?

ராமகுப்பத்துக்கு இதில் என்ன?

‘ஆந்திரம் கையெழுத்திட்டுவிட்டது, பணமும் வருகிறது, இது சென்னைக்கும் தில்லிக்கும் நடக்கும் வழக்கு’ என்று இங்கே ஒரு தோழர் கூறினார். கையெழுத்திட்ட மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் குறைந்த தொடக்கப் பள்ளிகள் நூற்றுக்கு 28 என்று கணக்குக் காட்டி, சிறுபள்ளிகள் சிக்கனமற்றவை என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. ஆந்திரத்தில் 2022 ஜூனில் வெளியான 117ஆம் எண் அரசாணை, மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிரித்து, ஒரு கிலோமீட்டருக்குட்பட்ட உயர்நிலைப் பள்ளிகளுடன் சேர்த்தது. ஊர்ப்பள்ளியில் எஞ்சியவை ஒன்றும் இரண்டும் வகுப்புகள். பல இடங்களில் ஓராசிரியர். ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் போராடினர். ஆட்சி மாறியபின் 2025இல் அவ்வாணை கைவிடப்பட்டது. ஆனால் பள்ளிகளை ஒன்பது வகையாகப் பிரிக்கும் மறுசீரமைப்பு அதன் இடத்துக்கு வந்தது. ஆணையின் எண் மாறியது. சிறுபள்ளியைச் சுமையாகக் காணும் பார்வை மாறவில்லை.

‘ஒரு கிலோமீட்டர்தானே’ என்று அமராவதியில் அமர்ந்து சொல்லிவிடலாம். கவுண்டின்யா காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கும் ஊர்கள் நம்முடையவை. எட்டு வயதுப் பெண்குழந்தையை அந்த வழியில் தனியே அனுப்பக் கூலி வேலைக்குச் செல்லும் தாய் துணிவாளா? வீட்டில் நிறுத்திக்கொள்வாள், அல்லது கடன் வாங்கித் தனியார் பள்ளி வேனில் ஏற்றுவாள். அரசுப் பள்ளியின் எண்ணிக்கை மேலும் குறையும். குறைந்ததையே காரணமாகக் காட்டி அடுத்த பள்ளியும் இணைக்கப்படும்.

இனி மொழி. கொள்கை தாய்மொழியைப் போற்றுவதாகச் சொல்லப்படுகிறது. மும்மொழித் திட்டம் ஆந்திரத்துக்குப் புதியதன்று. தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று பல்லாண்டுகளாக இருக்கிறது. அதனால் ராமகுப்பத்துத் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் கிடைத்ததா? மூன்று மொழிகள் உண்டு. அவளது தாய்மொழி அம்மூன்றில் இல்லை. 2019 நவம்பரில் ஆங்கிலவழியைக் கட்டாயமாக்கும் ஆணை வந்தது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தபோதும், நடைமுறையில் ஆங்கிலவழியே பரவியது. உதவிக்கென்று இருமொழிப் பாடநூல் தந்தார்கள்: ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் அயல்பக்கமே.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதும் ஏற்பாடு ஆந்திரத்தில் இன்றும் உண்டு. ஆனால் தேர்வு மட்டும் இருந்து தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் ஓய்வுபெற்றபின் அந்த இடம் நிரப்பப்படாவிட்டால், அத்தேர்வை யார் எழுதுவார்கள்? இதே அளவுகோலைத் தமிழ்நாட்டுக்கும் வைக்கவேண்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தெலுங்கு பேசும் குழந்தையின் தாய்மொழி உரிமைக்கும் நாம் குரல் கொடுத்தால்தான், இங்கே தமிழுக்காக எழும் நம் குரலைத் தெலுங்குத் தோழர்கள் தம் குரலாகக் கொள்வர். எல்லைக்கோட்டின் இருபுறமும் கோரிக்கை ஒன்றே.

கேரளம் தந்த பாடம்

நம்மைப் பற்றியும் பேசவேண்டும். 2025 அக்டோபரில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் தடுக்கப்பட்டிருப்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. முன்னணிக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. மாணவர் அமைப்புகள் வீதிக்கு வந்தன. அமைச்சரவைத் துணைக்குழு அமைக்கப்பட்டு, ஒப்பந்தத்தை நிறுத்திவைக்குமாறு நவம்பரில் ஒன்றியத்துக்குக் கடிதம் அனுப்பப்பட்டது.

இதைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள்; சிலர் பேசாமல் கடக்கிறார்கள். இரண்டும் தவறு. ஊதியம் தரமுடியாத நிலையில் நிற்கும் மாநில அரசின் நெருக்கடி உண்மையானது. ஆனால் விவாதிக்காமல் கையெழுத்திட்டது பிழை என்பதும் உண்மை. திருத்தியது வெளியிலிருந்து வந்த கட்டளையன்று. அணிகளிலிருந்து எழுந்த கேள்வி. ஒரு மாநிலம் தனியே நின்றால் பஞ்சாபைப் போல வளைக்கப்படும். நிதி மறுக்கப்பட்ட மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து கேட்கவேண்டும். அவற்றின் பின்னால் மக்கள் நிற்கவேண்டும்.

செய்யவேண்டியவை

பெரிய தீர்மானங்களுக்கு முன் சிறிய வேலை இருக்கிறது. இம்மண்டலத்தின் ஒவ்வொரு ஊர்ப்பள்ளியிலும் குழந்தைகள் எத்தனை, ஆசிரியர் எத்தனை, எந்த வகுப்பு எங்கே மாற்றப்பட்டது, நடக்கும் தொலைவு எவ்வளவு, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனை என்று கிளைவாரியாகக் கணக்கெடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். அக்கூட்டங்களுக்கு நம் தோழர்கள் தவறாமல் செல்லவேண்டும். ஆசிரியர் சங்கங்களோடு சேர்ந்து, தொடக்க வகுப்புகளை ஊரிலேயே வைக்கவும், தமிழாசிரியர் இடங்களை நிரப்பவும் 350ஏ பிரிவைச் சுட்டி மனு அளிக்கவேண்டும். கல்விக்கு நாட்டு வருமானத்தில் ஆறு விழுக்காடு என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதை 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் திருப்பிச் சொல்கிறது. மாநிலங்களுக்கு இத்தனை நிபந்தனை விதிக்கும் ஒன்றியம், தனக்குத்தானே விதித்துக்கொண்ட அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றியதா என்று கேளுங்கள்.

நான் ஆவணங்களில் ஒரு சொல்லைத் திருத்தலாம். மானியம் என்பதை அடித்துவிட்டு நிதிப்பங்கு என்று எழுதலாம். அதைப் பள்ளி வாசலில் நிற்கும் தாய்க்கு விளங்கும் சொல்லாக மாற்றும் மொழிபெயர்ப்பு உங்களுடையது. ‘இது உன் பணம் அம்மா, உன் பிள்ளைக்குரியது’ என்று அவளிடம் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.