குடையில் சிக்கும் 129

கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையைப் படித்து வேலையை நடத்தித் தரும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதற்கு எழுத்து தெரியாது. பைட் எனப்படும், 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் தெரியும். ஆங்கில எழுத்துக்கு ஓர் எண் போதும். இன்று புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு மூன்று வேண்டும்; அதோடு சேரும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனியாக மும்மூன்று. ‘அ’ என்பது 224, 174, 133.

கட்டளையைப் படிக்கிறபோது ஷெல், சலவைக்காரர் துணியில் குறி போடுவதுபோல, தனக்கு மட்டும் புரிகிற குறிகளை நடுநடுவே போட்டுக்கொள்ளும். அந்தக் குறியும் ஓர் எண்தானே, அதற்கு எங்கே போவது? 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல், ஒவ்வொரு பைட்டிலும் உள்ள எட்டு பிட்டுகளில், அதாவது 0, 1 என்னும் இலக்கங்களில், எட்டாவதை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கு ஏழு போதுமே, எட்டாவது சும்மாதானே கிடக்கிறது!

1989-இல் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் ஆஷ் என்ற ஷெல்லை எழுதினார். அதன் வழிவந்த டாஷின் மூலநிரலைத் திறந்தால், குறிகள் 129 முதல் 136 வரை உட்கார்ந்திருக்கின்றன. அவரைக் குறை சொல்ல முடியாது. கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்ததே 1992-இல்தான். ஆனால் நம் நெடுங்கணக்கு நேராக அங்கே போய் இடிக்கிறது. ‘அ’ 133-இல் முடிகிறது. ஆ, இ, ஈ முறையே 134, 135, 136. ‘கு’வில் வரும் உகரக் குறியின் கடைசி எண்ணோ 129.

இதற்கு ஷெல்லுக்குள்ளேயே ஒரு காப்பு உண்டு. வெளியிலிருந்து அப்படியோர் எண் வந்தால், ‘இது என் குறி அல்ல’ என்று சொல்ல அதற்கு முன்னால் ஒரு 129-ஐச் செருகும். வேலை முடிந்ததும் உருவிவிடும். உருவ வேண்டிய இடம் ஒன்றல்ல, பல. ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் எழுத்தின் வயிற்றில் அந்த 129 தங்கிவிடும். திரையில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும்.

திரையை எவ்வளவு நேரம் முறைத்தாலும் பிழை பிடிபடாது. ஷெல் தந்ததை ‘ஓடி’ (od) என்ற சிறு கட்டளையிடம் கொடுத்து, பைட் பைட்டாகக் காட்டச் சொன்னால் எண்களை வரிசையாக அச்சிடும். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நான்கு இருந்தால் திருடன் அங்கேதான். பிறகு நிரலின் ஒவ்வொரு படியிலும் அந்த வரிசையை அச்சிட்டு, எந்தப் படியில் உருவ மறந்தது என்று பின்னோக்கிப் போகவேண்டும்.

சோதிக்க எந்தச் சொல்லைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ‘மரம்’ என்று கொடுத்தால் பன்னிரண்டு எண்களில் ஒன்றுகூட 129-க்கும் 136-க்கும் இடையே வராது; பிழை இருந்தாலும் ஷெல் ஒழுங்குபோலத்தான் நடிக்கும். ‘குடை’ என்று கொடுத்துப் பாருங்கள்: உகரம் 129, ஐகாரம் 136. இரண்டு முனையும் மாட்டும்.