இருவகை அளவைகளினிடையே
(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அளவைகளைப் பற்றியது. இதுவும் ஒரு பொருளோ எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும், இவ்வளவைக் குழப்பத்தால் நம் குடும்பத்திலேயே ஈராண்டுக் காலம் ஒரு பகை நிலவிற்றாதலின், அதனை மறையாது கூறத் துணிந்தோம்.

1956ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் நிறை, அளவைகளுக்கெனச் சட்டமொன்று இயற்றினர். 1957 ஏப்ரல் முதல் தேதியில் பதினாறணா ரூபாய் நூறு காசாயிற்று. 1958 முதற்கொண்டு கிலோகிராமும் மீட்டரும் லிட்டரும் படிப்படியாகக் கடைவீதிக்கு வந்தன. வீசையும் பலமும் மணங்கும் தராசை விட்டு அகன்றன. ஆனால் பழைய வழக்கம் முற்றும் ஒழிந்ததா? அரிசியைக் கிலோவில் வாங்கி ஆழாக்கால் அளந்து உலையிலிடுகின்றோம். துணியை மீட்டரில் வாங்குகின்றோம். தையற்காரரோ அங்குலத்தில் அளவெடுக்கின்றார். பொன்னைக் கிராமில் நிறுத்துப் பவுனில் பேசுகின்றோம். அப்பவுன் ஆங்கில நாணயமாகிய சவரனின் நிறை. எட்டுக் கிராமுக்குச் சிறிதே குறைந்தது. வியாபாரத்தில் எட்டாகவே கொள்வர். பூவை முழம்போட்டு விற்பதில் எவர்க்கும் கேடில்லை. விற்பவளின் கை நீண்டிருப்பின் நமக்கு இலாபமே.

சுர விஷயம் அத்தகையதன்று. சுரமானியில் 39 என்று கண்டு, நூற்றுக்குக் கீழ்தானே என வாளாவிருத்தல் ஆபத்து. அது செல்சியஸ் கணக்கு. பாரன்ஹீட்டில் 102க்கு மேற்பட்ட சுரமாம்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் தந்தையார் வழிவந்த மனை, பழைய பத்திரத்தின்படி 12 செண்டு. நாம் பட்டா பெற்றபோது அதில் 0 - 04.86 எனக் கண்டிருந்தது. நாலே முக்காலுக்குச் சிறிது மேற்பட்ட செண்டென்று படித்தோம். ஏழு செண்டுக்கு மேல் எங்கே போயிற்று? அடுத்த மனை நம் பெரியப்பாவின் குமாரருடையது. வேலியைத் தள்ளி நட்டவர் அவரே என்று மனத்துள் தீர்ப்பளித்துவிட்டோம். வெளியிலும் சொன்னோம். அதுவே பெரும்பிழை. தமையனார் ஒரு சொல்லும் மறுமொழி கூறாது வாயிற்கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈராண்டு சென்றபின் நில அளவையாளரொருவரை அழைத்தோம். அவர் பட்டாவைக் கண்டதும் புன்னகைத்து, “ஐயா, இது செண்டன்று, ஹெக்டேரும் ஏரும்” என்றார். ஏர் என்றவுடன் உழவர் கலப்பையை நினையற்க. நூறு சதுர மீட்டர் கொண்டது ஓர் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஏக்கரில் நூற்றிலொரு பங்காகிய செண்டு 435.6 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர். ஆகவே ஏரை 2.47ஆல் பெருக்கினால் செண்டு கிடைக்கும். 4.86ஐ அவ்வாறு பெருக்கிப் பார்த்தோம். பன்னிரண்டு செண்டே வந்தது! பின்னர்ச் சங்கிலி பிடித்து அளந்ததிலும் எல்லைக்கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்று மாலையே தமையனார் இல்லம் சென்று பிழை பொறுக்க வேண்டினோம். அவர் உள்ளே சென்று தம் பட்டாவைக் கொணர்ந்து, “தம்பி, இதையும் பெருக்கிப் பார், எனக்கும் இவ்வெண் விளங்கியதில்லை” என்றார். பெருக்கிக் கொடுத்தோம். அவர்தம் மகளின் விவாகம் அவ்விரண்டாண்டுகளுள் நடந்தேறியிருந்தது. நமக்கு அழைப்பு வரவில்லை. அண்ணியார் நிழற்படத் தொகுதியைக் கொண்டுவந்து நம் மடியில் வைத்தார்.