கருமணலிலிருந்து நியூட்ரான் கற்றை வரை



மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை வாங்கிய இடத்தில் கருமணல் படிந்து கிடப்பதைப் பார்க்காத பிள்ளை குமரி மாவட்டத்தில் இருக்க முடியாது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப்போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அன்று வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். காஸ் விளக்கு மாண்டில் செய்ய அது தேவைப்பட்டது. இன்று உலகம் தேடுவது அதே தாதுவிலிருக்கும் நியோடிமியத்தை. இரும்பு, போரானோடு அது சேர்ந்தால் கிடைப்பதுதான் மின்வாகன மோட்டாருக்குள் இருக்கும் வலிமையான காந்தம்.

மணவாளக்குறிச்சி ஆலையில் மணலைப் பிரிப்பதும் காந்தமே. இல்மனைட்டும் கார்னெட்டும் காந்தத்தின் பக்கம் இழுபடும். சிர்க்கானும் ரூட்டைலும் ஒதுங்கி விழும். ஆனால் பிரித்து அனுப்புவதோடு குமரி மாவட்டத்தின் பங்கு நின்றுவிடக் கூடாது. காந்தங்களை ஆராய்வதிலும் அது தொடர வேண்டும்.

காந்தப் பொருளின் குணம் அதன் படிகத் துகளின் அளவைப் பொறுத்தது. துகள் சிறுத்தால் காந்தத் திசையைத் திருப்புவது கடினமாகும் என்பது பழைய பாடம். 1988இல் ஜப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸைச் சேர்ந்த யோஷிசாவாவும் குழுவினரும் வெளியிட்ட இரும்புக் கலவை அந்தப் பாடத்தைப் புரட்டிப்போட்டது. அதில் துகளின் குறுக்களவு சுமார் 10 நானோமீட்டர். நாற்பது இரும்பு அணுக்களை வரிசையாக வைத்த அகலம். ஆனாலும் மிக மெல்லிய காந்தப் புலத்துக்கே அது திரும்பிக்கொடுத்தது. ஜெர்மனிய ஆய்வாளர் ஹெர்சர் காரணம் சொன்னார்: ஒவ்வொரு துகளுக்கும் தனக்குப் பிடித்த ஒரு திசை உண்டு. ஆனால் அண்டைத் துகள்களின் அணுக்காந்தங்கள் இழுக்கும்போது, இவ்வளவு சிறிய துகளால் பிடிவாதம் பிடிக்க முடிவதில்லை. அவர் கணக்குப்படி, இந்த அளவில் துகளின் குறுக்களவு பாதியானால் திருப்பத்துக்கான எதிர்ப்பு 64இல் ஒரு பங்காகிவிடும்.

அழகான கணக்கு. கண்ணால் பார்ப்பது எப்படி?

இங்கேதான் நியூட்ரான் வருகிறது. மின்னேற்றம் இல்லாததால் அது உலோகத்துக்குள் தடையின்றி நுழையும். தானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால், உள்ளே அணுக்காந்தங்கள் வரிசை பிசகிய இடங்களில் சற்றே விலகும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பகுதி பெரிதாக இருந்தால் விலகும் கோணம் சிறிதாக இருக்கும். ஒரு சில டிகிரிக்குள் நடக்கும் அந்த விலகலை (சிறுகோணச் சிதறல் என்பார்கள்) பல மீட்டர் தள்ளிவைத்த உணர்கருவி பதிகிறது. வைஸ்முல்லர், மிஷெல்ஸ் முதலிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் நானோபடிக நிக்கலிலும் கோபால்ட்டிலும் இதை அளந்தார்கள். புலம் வலுவாக இருக்கும்போது பிசகு ஏறத்தாழ ஒரு துகளோடு அடங்கிவிடுகிறது. புலத்தைக் குறைக்கக் குறைக்க, துகள் எல்லைகளைத் தாண்டி அண்டைத் துகள்களுக்கும் பரவுகிறது. கணக்கில் இருந்த அண்டைத் துகள் பிணைப்பு இப்படி அளவீட்டில் தெரியவந்தது.

நியூட்ரான் சிதறல் துறை நமக்கு அந்நியமானதும் அல்ல. திருவனந்தபுரத்தில் படித்த இயற்பியலாளர் பி. கே. ஐயங்கார் 1956இல் கனடாவின் சாக் ரிவருக்குப் போய், பின்னாளில் நோபல் பெற்ற பிராக்ஹவுஸிடம் அதைப் பயின்றார். திரும்பிவந்து மும்பையின் டிராம்பேயில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். அங்கே 1985இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் துருவா அணு உலையின் நியூட்ரான் கற்றைகளில் சிறுகோணச் சிதறல் கருவிகளும் உண்டு.

நம் கரையிலும் இயற்பியலுக்கு வேலை உண்டு. கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. கடலரிப்பு, கதிர்வீச்சு, பிழைப்பு பற்றிய அவர்களுடைய கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு அளந்து பதில் சொல்ல, அந்த ஊர்களைத் தெரிந்த இயற்பியல் பட்டதாரிகள் வேண்டும்.

துருவாவின் கற்றைகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் பயன்படுத்த யுஜிசி-டிஏஇ அறிவியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் மும்பை மையம் வழிசெய்கிறது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் முதல் ஆண்டிலேயே வழிகாட்டியோடு உட்கார்ந்து அந்தக் கற்றைகளைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். குமரிக் கல்லூரிகளிலிருந்தும் டிராம்பேக்கு மாதிரிகள் போகட்டும்.