பாசறையும் பள்ளிவாசலும்

அரபு நாடுகளின் அரசியலைப் பற்றிப் பேசுவோர், மதச்சார்பற்ற தேசியமும் மதத் தீவிரவாதமும் எதிரெதிரே நின்று பொருதுவதாகக் கூறுவர். அது பாதி உண்மையே. ஒன்றன் பிழைகள் மற்றொன்றை எவ்வாறு வளர்த்தன என்பதை இன்று நாம் ஆராய்வோம்.

1928-இல் எகிப்தின் இஸ்மாயிலியா நகரில் ஹஸன் அல் பன்னா என்ற பள்ளி ஆசிரியர் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தோற்றுவித்தார். சமயநெறியே அரசுக்கும் அடிப்படையாக வேண்டும் என்பது அவர் கருத்து. 1947-இல் டமாஸ்கஸ் நகரில் பாத் கட்சி உருவாயிற்று. அதன் ஸ்தாபகர்களில் மைக்கேல் அஃப்லக் கிறிஸ்தவர். ஸலாஹுத்தீன் பித்தார் முஸ்லிம். எம்மதத்தவராயினும் அரபு மொழியினர் யாவரும் ஒரே இனத்தவர் என்று இவர்கள் கொண்டனர்.

1952-இல் எகிப்திய ராணுவ அதிகாரிகள் மன்னர் பாரூக்கை அகற்றினர். அவர்களுள் முதன்மை பெற்ற நாஸர் 1956-இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியபோது அரபு உலகமே அவரைப் போற்றியது. உழவருக்கு நிலமும் பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தன. ஆயினும், 1953-இலேயே கட்சிகள் கலைக்கப்பட்டிருந்தன. 1954 அக்டோபரில் நாஸரைச் சுட்டுக் கொல்ல நடந்த முயற்சியை அடுத்து, சகோதரத்துவ இயக்கத்தினர் ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஸையித் குதுப், அந்த ஆட்சியே இஸ்லாத்துக்குப் புறம்பானது என்று சிறையிலிருந்தே எழுதினார், 1966-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் எழுத்து அவரோடு மடியவில்லை.

1967 ஜூன் போரில் எகிப்திய விமானப்படையின் பெரும்பகுதி முதல் நாளிலேயே அழிந்தது. கெய்ரோவின் 'அராபியர் குரல்' வானொலியோ வெற்றிச் செய்திகளை முழங்கிற்று. உண்மை வெளிப்பட்டபோது மக்களின் நம்பிக்கை சிதைந்தது. மாற்றுக் கட்சியோ சுதந்திரப் பத்திரிகையோ இல்லாத நாட்டில், அவர்கள் கூடிப் பேசப் பள்ளிவாசலே எஞ்சியது. அங்கே வந்தோரில் மிகப் பெரும்பாலோர் அமைதியை நாடியவர்களே. ஆள் தேடித் தீவிரவாதிகளும் வந்தனர்.

அடுத்து வந்த ஸாதாத், இடதுசாரிகளை ஒடுக்க எண்ணிச் சமய இயக்கங்களுக்கு இடங்கொடுத்தார். 1981 அக்டோபர் 6-ஆம் நாள், ராணுவ அணிவகுப்பின்போது, தீவிரவாதக் குழுவினரே அவரைச் சுட்டுக் கொன்றனர்.

ஸிரியாவின் கதையும் வேறன்று. 1963-இல் பாத் கட்சியின் பெயரால் ராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்தனர். 1982-இல் ஹமா நகரில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சேனை நகரையே தாக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2024 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபோது, தலைநகரைக் கைப்பற்றியோர் சமயப் போராளிகளே.

சிறைக்கூடம் தீவிரவாதத்தை ஒளித்துவைக்குமேயன்றி ஒழிக்காது. பல மதத்தினர் ஒன்றாக வாழ மதச்சார்பற்ற அரசு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குடிமக்கள் அஞ்சாமல் குறைகூறவும், வாக்கினால் ஆட்சியை மாற்றவும் இயலாத இடத்தில், அந்த நற்கொள்கையும் ஆள்வோரின் பழியைச் சுமக்க நேரிடுகிறது. அரபு மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.